மூன்று மணிக்குள் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 11

போன வாரம் மத்தியானப் புயலில் மின்சாரம் போனது. டுவேனின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றது. அவருடைய பதினேழு வயது மகள் டெஸ்ஸா பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி, ஒன்றரை நிமிஷத்தில் சிலிண்டரை மாற்றி அப்பாவின் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தாள். மின்சாரம் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவள் அம்மா ரோண்டா வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“இந்தப் பொண்ணு மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?”

சொல்லும்போது மகளின் தலையைத் தடவுவாள். ஒவ்வொரு தடவலுக்கும் டெஸ்ஸா ஒரு அங்குலம் தரைக்குள் இறங்குவாள்.

வெள்ளிக்கிழமை காலையும் அப்படித்தான் விடிந்தது. அடுப்பில் சாஸேஜ் பொரிந்துகொண்டிருந்தது. ரோண்டா முதியோர் இல்லத்து வேலை உடுப்பிலேயே தட்டுகளை வைத்தாள். டெஸ்ஸாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தையும் வைத்தாள்.

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னுது மட்டும்தான் பாக்கி. இன்னைக்கு மூணு மணிக்குள்ள ஸ்கூல்ல ஹென்ஸ்லி மிஸ்கிட்ட கொடுத்துடணும். மறந்துடாதே தங்கம்.”

பள்ளிப் படிப்பை முன்கூட்டியே முடித்துக்கொள்வதற்கான விண்ணப்பம். மே மாதம் முடிய வேண்டியது இந்த டிசம்பரிலேயே முடிந்துவிடும். வேண்டிய பாடமெல்லாம் டெஸ்ஸா ஏற்கெனவே படித்தாயிற்று. ஜனவரி ஆறாம் தேதி பக்கத்து ஊர்க் கல்லூரியில் நர்ஸ் படிப்பு. செலவை முதியோர் இல்லமே ஏற்கும். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தால் போதும்.

“மறக்க மாட்டேன்” என்றாள் டெஸ்ஸா. அதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தை அவள் இரண்டு வாரமாக ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை.

சாய்வு நாற்காலியிலிருந்து டுவேன் எட்டிப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்வந்த நுரையீரல். மூக்கிலிருந்து புறப்படும் பச்சை டியூப் தரையில் நெளிந்து மூலையில் இருக்கும் மெஷினில் போய் முடியும். அதன் நீளம் ஐம்பது அடி. சமையலறை எட்டும், குளியலறை எட்டும், வாசலில் முதல் படி எட்டும். சாலையோரத் தபால் பெட்டி எட்டாது. நாலு வருஷமாக அந்த ஐம்பது அடிதான் அவருடைய ஊர்.

“மே மாசம் ஸ்கூல் முடியற விழால எல்லாப் பசங்களும் தொப்பியைத் தூக்கிப் போடுவாங்களே, அதுக்காவது இவ இருக்கட்டுமே ரோண்டா” என்றார்.

“தொப்பி சோறு போடுமா? அடுத்த நர்ஸ் வகுப்பு ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான். எங்க நிர்வாகி பர்ச் சார் ரூம் வாசல்ல மூணு தடவை போய் நின்னு வாங்கின இடம் இது. நான் பன்னெண்டு வருஷமா படுக்கை மாத்தறவ. இவ ஊசி போடறவளா வருவா. அதைப் பாக்கணும் எனக்கு.”

டெஸ்ஸா சாஸேஜை நாலாக வெட்டினாள். எட்டாக வெட்டினாள். ஒரு துண்டும் உள்ளே போகவில்லை.

அவள் பையின் அடியில் ஒரு கறுப்பு வெள்ளை நோட்டு இருந்தது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன கோடையில் ஆரம்பித்தது அது. புதன்கிழமைதோறும் சர்ச்சைப் பெருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பெருக்கிவிட்டு, அப்படியே நூலகத்துக்குப் போவாள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பல்கலைக்கழகங்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள். உதவித்தொகை தருகிறோம் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஆனால் எவை தானாகக் கிடைப்பவை, எவை தேர்வுக் குழுவின் தயவில் கிடைப்பவை என்று பிரிப்பதுதான் வேலை. அதற்கு அவளே சில விதிகள் வைத்துக்கொண்டாள். ‘பரிசீலிக்கப்படுவீர்கள்’ என்று இருந்தால் அடித்துவிடு. ‘இவ்வளவு வரை’ என்று இருந்தால் அதையும் அடித்துவிடு. ‘தகுதியுள்ள எல்லாருக்கும்’ என்று இருந்தால் மட்டும் வைத்துக்கொள். அப்புறம் கடைசித் தேதி பார். வெளி மாநிலத்துப் பிள்ளைக்கும் உண்டா பார். இரண்டாம் வருஷமும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், அதையும் பார்.

நாற்பத்து மூன்று பெயர்களில் முப்பத்தேழு அடிபட்டன. ஆறு மிஞ்சின.

அந்த ஆறில் ஒன்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தது. மேலே நுழைவுத் தேர்வு மதிப்பெண், பக்கவாட்டில் பள்ளிச் சராசரி. இரண்டு விரலையும் நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முட்டும். முட்டுகிற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது உனக்கு. வீட்டுக் கஷ்டத்தைக் கட்டுரையாக எழுதி அழ வேண்டாம். யாருக்கும் உன் முகம் பிடிக்க வேண்டாம். டெஸ்ஸாவுக்கு அந்தக் கட்டத்தின் மேல் ஒருவகைக் காதலே வந்துவிட்டது. மூன்றாவது முறை தேர்வு எழுதி முப்பத்தாறுக்கு முப்பத்தொன்று வாங்கினாள். அக்டோபரில் மெயில் வந்தது. படிப்புக் கட்டணமும் விடுதியும், நாலு வருஷத்துக்கு. இந்தக் கெண்டக்கி மலையிலிருந்து தெற்கே எட்டு மணி நேரப் பயணம். காகிதமாகவும் ஒன்று தபாலில் அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள். அது இன்னும் வரவில்லை. தினமும் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே தபால் பெட்டிக்குத்தான் போகிறாள்.

இதில் இடிக்கிற இடம் ஒன்றே ஒன்று. அதை அவள் மெயில் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பள்ளியில் இருக்கும்போது எத்தனை கல்லூரிப் பாடம் வேண்டுமானாலும் எடுக்கலாம். பள்ளியை முடித்த பிறகு வேறு கல்லூரியில் ஒரே ஒரு பாடம் படித்தாலும், அதன்பின் நீ புது மாணவி இல்லை. பாதியில் மாறி வருகிறவள். கட்டம் புது மாணவிகளுக்கு மட்டும்.

ஜனவரி ஆறாம் தேதி வகுப்பில் போய் உட்கார்ந்தால், அந்தக் கட்டம் அவளுக்கு மூடிவிடும்.

*

பள்ளி ஆலோசகர் ஹென்ஸ்லி மிஸ் நல்லவர். முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆலோசகர் என்பதால் நல்லவராக இருக்க நேரம்தான் கிடைப்பதில்லை.

“வா வா. உங்கம்மா காலைலயே போன் பண்ணிட்டாங்க. கொண்டுவந்தியா?”

டெஸ்ஸா விண்ணப்பத்தை எடுக்கவில்லை. “மிஸ், இதுல என் கையெழுத்து இல்லேன்னா என்ன ஆகும்?”

“ஏன் இல்லாம போகுது? நல்ல விஷயம்தானே! அரை வருஷம் மிச்சம். பின்னாடி ஆசை இருந்தா பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம். நான் எல்லாருக்கும் சொல்றதே அதுதான். கையில எவ்வளவு காலேஜ் பாடம் இருக்கோ அவ்வளவும் லாபம்.”

டெஸ்ஸா ஜாக்கெட் பையிலிருந்து ஒரு அச்சுத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். பல்கலைக்கழகத்தின் பதில். பச்சை மையால் அடிக்கோடிட்டிருந்தாள்.

மிஸ் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

“ஒரு பாடம் எடுத்தாலுமா?”

“ஒரு பாடம் எடுத்தாலும்.”

“போன வருஷம் ரெண்டு பேரை நானே இப்படி அனுப்பினேன் டெஸ்ஸா.” அவர் குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு பேருக்கும் நல்ல மார்க். ரெண்டு பேரும் மாறிப் போலாம்னு பாத்தாங்க. ஏன் பணம் குறைச்சலா வந்துச்சுன்னு என்னைத்தான் கேட்டாங்க. எனக்குத் தெரியலைன்னேன்.”

வெளியே யாரோ லாக்கரை ஓங்கிச் சாத்தினார்கள்.

“வீட்ல தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடேன்.”

“என்னன்னு சொல்றது மிஸ்? அப்பா மெஷின் நின்னா நீயே பாத்துக்கோ, நான் கிளம்பறேன்னா?”

ஹென்ஸ்லி மிஸ் பேனாவை உருட்டினார். “உண்மையைச் சொல்லிடறேன். உனக்குப் பதினெட்டு ஆகல. சட்டப்படி உங்கம்மா கையெழுத்தே போதும். பிள்ளை கையெழுத்து இல்லாம நான் இதுவரைக்கும் வாங்கினதில்லை, அவ்வளவுதான். கொடுத்தாங்கன்னா மாட்டேன்னு சொல்ல எனக்கு வழி இல்ல.”

“மிஸ், நீங்க அம்மாகிட்ட...”

“வாயைத் திறக்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்கம்மா என் பக்கத்துலதான் உக்காருவாங்க. என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க. ஞாயித்துக்குள்ள நீ சொல்லிடு.”

மூன்று மணி அடித்தது. விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் ஜாக்கெட் பைக்குள்ளேயே இருந்தது. அதன் மேலேயே அச்சுத்தாளும் போனது.

பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எதிரே அம்மாவின் பழைய பழுப்புக் கார். இரண்டு முறை ஹார்ன் அடித்தது.

“ஏறு! பஸ்ஸுல போக வேணாம். உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்.”

“என்னம்மா?”

“ஏறுன்னா ஏறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியா?”

கதவு சாத்திக்கொண்டது. கார் நகர்ந்தது. இனி என்ன சொன்னாலும் காருக்குள்தான்.

“ஆச்சும்மா” என்றாள் டெஸ்ஸா.

*

முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறையில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேஜையில் பெரிய கேக். அதன்மேல் நீல எழுத்தில் ‘நம்ம நர்ஸ் டெஸ்ஸா’. சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. டெஸ்ஸா உள்ளே வந்ததும் கைதட்டல்.

“ஜாக்கெட்டைக் கழட்டு, கழட்டு” என்று ரோண்டாவின் தோழி போனி ஓடிவந்தாள். கையில் நீல நர்ஸ் உடுப்பு. நெஞ்சில் வெள்ளை நூலால் பெயர். “நாங்கெல்லாம் சேர்ந்து தச்சது. பேரை மட்டும் உங்கம்மாவே தச்சா. மூணு தடவை பிரிச்சுத் தச்சா, ஒரு எழுத்து கோணிடுச்சுன்னு.”

டெஸ்ஸா ஜாக்கெட்டைக் கழற்றினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். உடுப்பை சட்டைக்கு மேலேயே மாட்டினாள். தோளில், இடுப்பில், எல்லா இடத்திலும் கச்சிதமாக இருந்தது.

“முதல் ஊசி யாருக்கும்மா?” என்றாள் போனி. “உங்கம்மாவுக்கே போட்டுடு. பன்னெண்டு வருஷமா தானும் உக்காரல, எங்களையும் உக்கார விடல. தூங்கவாவது செய்யட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நிர்வாகி பர்ச் சார் கேக் தட்டோடு வந்தார்.

“பதினோரு பேர் கேட்டாங்க இந்த இடத்தை. உனக்குக் கொடுத்தேன். ஏன்னு தெரியுமா? உங்கம்மா கேட்டா. தனக்குன்னு இங்க அவ எதையுமே கேட்டதில்லை.”

“தேங்க்ஸ் சார்.”

“ஆறாம் தேதி, காலைல எட்டு மணி. லேட்டா வராதே.”

“சரி சார்.”

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை வெளியே தள்ள எத்தனை இடம் இருந்தது இன்றைக்கு! ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் அன்பாகக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தார்கள்.

கேக்கை விழுங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலோரம் அம்மா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் கை மேல் டெஸ்ஸாவின் ஜாக்கெட் மடித்துக் கிடந்தது.

ரோண்டா ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் திரும்பி வந்து, மகளின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கிரீமை விரலால் துடைத்துவிட்டாள்.

“கிளம்பலாமா? அப்பா தனியா இருப்பாரு.”

வழியில் ரேடியோ போடவில்லை. போட்டால் கூடவே பாடுகிறவள் அம்மா. இரண்டாவது பாலம் தாண்டியபோதுதான் டெஸ்ஸாவுக்கு ஜாக்கெட் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். பின் ஸீட்டில் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. பைக்குள் காகிதம் இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

அம்மா சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

*

தபால் பெட்டியின் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

வாசல் படியில் பச்சை டியூப் கிடந்தது. அதன் நுனி சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே டுவேன் நாற்காலியில் சாய்ந்து, முழங்கால் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“டுவேன்! டியூப் ஏன் வெளிய கிடக்கு?” ரோண்டா ஓடிப்போய் நுனியைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டினாள்.

“காத்து... வாங்கப் போனேன்.”

“காத்து இந்த டியூபுலதான்யா வருது!”

அவர் மூச்சு வாங்கினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கண் மட்டும் டெஸ்ஸாவின் நீல உடுப்பின் மேலேயே இருந்தது.

உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் ரோண்டா நிமிர்ந்தாள். சமையலறை மேஜைக்குப் போனாள். கைப்பையைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்தில்லாத விண்ணப்பம். பச்சை அடிக்கோடு போட்ட பதில். அதன்மேல் ஒரு பேனா.

“மூணு தாண்டிட்டா என்ன, ஹென்ஸ்லி அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பா” என்றாள். “ஆச்சும்மான்னியே, என்ன ஆச்சு?”

டெஸ்ஸாவின் கை உடுப்பின் வெள்ளைப் பெயரைத் தடவிக்கொண்டிருந்தது.

“எப்ப இருந்து?”

“அக்டோபர்.”

“ரெண்டு மாசம். என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கே. இன்னைக்கு அந்தக் கேக்கையும் சாப்பிட்டே.”

“சொல்லத் தெரியலம்மா.”

நாற்காலியிலிருந்து சரசரவென்று சத்தம். டுவேன் கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்து நீட்டினார். சிவப்பு முத்திரை. பிரித்திருந்தது.

“உன் பேர்ல வந்துச்சுடி. பிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. தபால்காரி வண்டியை விட்டு இறங்கி, இது மடங்கக்கூடாதுன்னு பெட்டி மேல வச்சுட்டுப் போனா. மழை வர மாதிரி இருந்துச்சு.”

“அதுக்காக டியூபைக் கழட்டிட்டா போனீங்க?” என்றாள் ரோண்டா.

“என்ன பண்றது, அது வராதே என்கூட.” அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. “நாலு வருஷம் இவ படிக்கலாம் ரோண்டா. யார் தயவும் இல்ல. கட்டம் போட்டு, இவ வாங்கின மார்க்குக்குக் கொடுக்கிறாங்க. மூணு தடவை படிச்சுப் பாத்தேன்.”

ரோண்டா கவரை வாங்கினாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்து, அதன் ஓரத்தை மேஜையில் தட்டிச் சீராக்கினாள்.

“எட்டு மணி நேரம்” என்றாள். “கரண்ட் போய் இவர் மெஷின் நின்னா, எட்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வருவியா?”

நாற்பத்து மூன்று பெயர்கள் எழுதிய நோட்டில் இந்த ஒரு கேள்விக்குக் கட்டம் கிடையாது.

“சிலிண்டர் மாத்த எனக்கும் கை இருக்கு” என்றார் டுவேன்.

“கை இருக்கு. மூச்சு எங்க இருக்கு?” ரோண்டா இருவர் பக்கமும் திரும்பினாள். “எல்லாரும் என்னையே பாக்கறீங்களே. நான் மட்டும் ஆசைப்பட்டா இங்க இருக்கேன்? எனக்கும் பதினேழு வயசு இருந்துச்சு. யாரும் எனக்குக் கட்டம் போட்டு வைக்கல.”

பேனாவை எடுத்து மகளின் பக்கம் நீட்டினாள்.

டெஸ்ஸா பேனாவைப் பார்த்தாள். அம்மாவின் விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள், பெயர் தைத்தபோது குத்தியவை. அவற்றையும் பார்த்தாள்.

“நான் போட மாட்டேம்மா” என்றாள்.

அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள். ஆனால் வீடு முழுக்கக் கேட்டது. மெஷின்கூட ஒரு நொடி அடங்கிய மாதிரி இருந்தது.

ரோண்டா தலையை ஆட்டினாள். விண்ணப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். சாவியை எடுத்தாள்.

“போட வேணாம். என் கையெழுத்து இருக்குல்ல?”

“அம்மா!”

கதவு சாத்திக்கொண்டது. கார் கிளம்பிய சத்தம்.

டெஸ்ஸா நீல உடுப்போடு ஓடினாள். படி, சேறு, தபால் பெட்டி. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தில் சாலை முடியும் இடம் தெரியும். இடப்பக்கம் திரும்பினால் பள்ளி, ஹென்ஸ்லி மிஸ், விண்ணப்பத்தில் விழக் காத்திருக்கும் முத்திரை. வலப்பக்கம் திரும்பினால் முதியோர் இல்லம், பர்ச் சார், பதினோரு பேர் கேட்ட இடம். அதைத் திருப்பிக் கொடுக்கவும் அங்கேதான் போக வேண்டும்.

பழுப்புக் கார் முனையில் போய் நின்றது. அதன் இண்டிகேட்டர் கோடையிலேயே செத்துவிட்டது. எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி போயிற்று. இன்னொரு லாரி. சாலை காலியாயிற்று. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

பின்னால் டியூப் உரசும் சத்தம். டுவேன் முதல் படி வரைக்கும் வந்திருந்தார். ஐம்பது அடியும் விறைத்து இழுபட்டு நின்றது. அங்கிருந்து அவருக்குச் சாலை முனை தெரியாது.

“எந்தப் பக்கம் திரும்பினா?” என்று கேட்டார்.

டெஸ்ஸா கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“இன்னும் திரும்பலப்பா.”